கடைசித் தவணை: வீடு கட்டுவிப்போரும் கட்டுவோரும் அறியவேண்டிய நீதி

தை மாதத்தில் சம்பா நெல் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்ததும், நம் குடவாசல் வட்டாரத்துத் தெருக்களில் செங்கல் லாரியும் ஜல்லி லாரியும் நடமாடத் தொடங்குகின்றன. வயல் ஓய்ந்திருக்கும் மாதங்களே இங்கே வீடு கட்டும் மாதங்கள். ஆற்றில் தண்ணீர் வருமுன் அஸ்திவாரம் மேலெழவேண்டும், ஐப்பசி மழைக்குமுன் கான்கிரீட் போட்டு முடிக்கவேண்டும் என்பது நம்மவர் கணக்கு. வேலை முடிந்ததும் வீடு மந்திரிக்க நாள் கேட்டு வீட்டுக்காரர் பங்கு மனைக்கு வருகிறார். அவர் வந்து போன சில நாட்களுக்குள் அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியும் வருவதுண்டு. அவர் கேட்பது மந்திரிப்பு நாளை அன்று. தமக்கு வரவேண்டிய பாக்கியை. ஆகவே இவ்வாரப் பாடத்தில், ஏழாம் கற்பனையைச் சேர்ந்த ஒரு விஷயத்தை, அதாவது வீட்டுக்காரருக்கும் கட்டிடக் காண்டிராக்டருக்கும் இடையே எழும் பணத் தகராற்றை எடுத்துக்கொள்வோம்.

இத்தகராறு புதியதன்று. யூதேயா நாட்டை ஆண்ட யோவாக்கீம் அரசன் விசாலமான மேல்மாடிகள் வைத்து, அகன்ற சன்னல்கள் திறந்து, கேதுரு மரப் பலகைகள் பதித்து, சிவப்பு வர்ணம் பூசி ஓர் அரண்மனை கட்டினான். கட்டியவர்களுக்கோ கூலி கொடுக்கவில்லை. எரேமியாஸ் தீர்க்கதரிசி தமது ஆகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில் அவனை நேருக்கு நேர் கண்டிக்கிறார். உன் தகப்பன் யோசியாஸ் உண்டு குடித்துச் சுகமாகத்தான் இருந்தான், ஆயினும் நீதியாய் நடந்தான் என்று நினைவூட்டி, கூலியை வைத்துக்கொண்ட மகனுக்குக் கழுதையின் அடக்கமே கிடைக்கும் என்கிறார். இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், நல்ல வீடு கட்டிக்கொள்வது குற்றமென்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. பிறன் உழைப்பை இனாமாக வாங்கிக்கொண்டதே குற்றம்.

காண்டிராக்டர்மார் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடவேண்டாம். எசேக்கியேல் ஆகமம் 13-ஆம் அதிகாரத்தில், உறுதியில்லாத சுவரை எழுப்பி, குறை தெரியாதபடி மேலே சுண்ணாம்பு பூசிவிட்டுப் போகிறவர்களைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. மழை அடிக்கிறது, கல்மழை விழுகிறது, சுவர் சாய்கிறது, பூசின பூச்சு எங்கே என்ற கேள்வி எழுகிறது. அது பொய்த் தீர்க்கதரிசிகளைக் குறித்துச் சொல்லப்பட்டதென்பது மெய்தான். ஆனால் கேட்பவர்களுக்குப் பழக்கமில்லாத காரியத்தை எவரும் உவமையாக எடுப்பதில்லை. ஆதலால் அப்படிப்பட்ட கொத்தனார்களை பாபிலோனில் சிறையிருந்த யூதர்களும் அறிந்திருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

1992-இல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், 2409-ஆம் எண்ணில், அநீதக் கூலி கொடுப்பதையும் வேலையைக் கெடுதலாகச் செய்வதையும் ஒரே இடத்தில் ஏழாம் கற்பனைக்கு விரோதமென்று சேர்த்து வைக்கிறது. நாட்டுச் சட்டத்துக்கு அகப்படாமல் செய்தாலும், பிறன் உடைமையை அநீதமாய் வைத்துக்கொள்வது அக்கற்பனைக்கு விரோதமே என்றும் கூறுகிறது. இதற்கு ஆதாரமான புண்ணியம் பரிமாற்ற நீதி. ஒருவன் கொடுத்ததும் மற்றவன் வாங்கினதும் மதிப்பில் சரியாயிருக்கவேண்டும். கூடினால் கூடினவரைக்கும், குறைந்தால் குறைந்தவரைக்கும் ஈடு செய்யவேண்டும். தருமம் செய்வதில் அளவு நம் மனதைப் பொறுத்தது. இங்கே அளவு பொருளைப் பொறுத்தது. ஆகையால் இது கோபத்தால் தீர்க்கப்படும் காரியமன்று. டேப்பும் பென்சிலும் கொண்டு தீர்க்கப்படுவது.

இனி, நம் ஊர்களில் வழக்கமாக நடப்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை. 800 சதுர அடி வீடு. சாமான் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கூலி ஒப்பந்தம் சதுர அடிக்கு 500 ரூபாய் வீதம் 4,00,000 ரூபாய். அஸ்திவாரத்திலிருந்து பூச்சுவரை 3,20,000 கொடுத்தாயிற்று. பாக்கி 80,000. அந்தச் சமயத்தில் குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்குவதை வீட்டம்மா காண்கிறார். பின்னறைப் பூச்சும் தட்டினால் சத்தம் கேட்கிறது, அதாவது சுவரைப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கோபங்கொண்டு, இனி ஒரு பைசா கிடையாது என்கிறார். மேஸ்திரியோ, நீங்கள் இடையில் சொன்ன பரண்களுக்கும் தரைத்தொட்டிக்கும் 22,000 தனி, ஆக 1,02,000 வைத்தால்தான் பேச்சு என்கிறார். பரணும் தொட்டியும் முதல் பேச்சில் இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். விலை மட்டும் பேசப்படவில்லை. (வீடு பாதி எழும்பியபின், இங்கே ஒரு பரண் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றாத வீட்டம்மாள் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.)

இங்கே நீதி என்ன? குளியலறைத் தரையையும் பின்னறைப் பூச்சையும் திருத்துவதற்கு, இருவருக்கும் பொதுவான வேறு இரண்டு கொத்தனார்கள் பார்த்து 14,000 ஆகும் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டுக்காரர் நிறுத்திவைக்கக்கூடியது அந்த 14,000 மாத்திரமே. அதுவும் மேஸ்திரிக்கு, நீரே வந்து திருத்திக் கொடும் என்று ஒரு தவணை சொல்லி, அவர் வராதபோது. மற்ற 66,000 வேலை முடிந்த பணம். அது இப்போது வீட்டுக்காரருடையதன்று, அவர் கையில் தங்கியிருக்கும் பிறன் பொருள். பரணுக்கும் தொட்டிக்கும் அதே கொத்தனார்கள் 18,000 மதிப்புச் சொன்னால், அதையும் கொடுக்கவேண்டும். கேட்டு வாங்கி, தினமும் அதில் சாமான் வைத்துக்கொண்டு, விலை பேசவில்லையே என்பது நியாயமாகாது. ஆக, திருத்தம் நடக்காவிட்டால் கொடுக்கவேண்டியது 84,000, நடந்தால் 98,000. ஒருவர் சொன்ன பூச்சியமும் இல்லை, மற்றவர் சொன்ன 1,02,000-மும் இல்லை.

பாக்கி பணத்தை முழுதும் பிடித்துவைத்தால்தான் அவன் வழிக்கு வருவான் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். அதிலுள்ள அநீதி நம் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் நாம் எதையும் எடுக்கவில்லை, கொடுக்காமல் மாத்திரம் இருக்கிறோம். உபாகமம் 24-ஆம் அதிகாரமோ, ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறதென்று அர்ச். யாகப்பர் எழுதுகிறார். பரலோகத்தை நோக்கிக் கூவும் பாவங்கள் நான்கனுள் இதுவும் ஒன்றென்று பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் படிக்கிறார்கள்.

உலக நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்த அளவையே பின்பற்றியிருக்கின்றன. 1952-இல் இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டில் ஒரு வழக்கு. ஒருவர் தமது ஒற்றையறைக் குடியிருப்பை அலங்கரித்து, மரச்சாமான்கள் செய்துவைக்க 750 பவுன் பேசினார், 400 கொடுத்தார். அலமாரிக் கதவு சரியில்லை, புத்தகத் தட்டு குட்டையாயிற்று என்று சொல்லி மீதி 350-ஐக் கொடுக்க மறுத்தார். ஒப்பந்தம் முழுதும் நிறைவேறவில்லையாதலால் எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்பது அவர் வாதம். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. குறைகளைத் திருத்த ஆகும் 55 பவுன் 18 ஷில்லிங் 2 பென்ஸைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றார்கள். ஆனால் 1972-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் வேறுவிதமாகத் தீர்த்தது. வீட்டைச் சூடாக்கும் குழாய் அமைப்பை 560 பவுனுக்குச் செய்து கொடுத்தான் ஒருவன். வீடு சூடாகவில்லை, புகை நாற்றமும் அறைக்குள் வந்தது. திருத்த 174 பவுன் ஆகும். அவனுக்கு ஒன்றுமில்லை என்றார்கள் நீதிபதிகள். குறையுள்ள வேலை வேறு, உபயோகத்துக்கே உதவாத வேலை வேறு. தண்ணீர் தேங்கும் மூலைக்கும், ஒழுகி ஒழுகிக் கம்பி தெரியும் கூரைக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

நம் நாட்டில் 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 70-ஆம் பிரிவு, இனாமாக அல்லாமல் ஒருவன் செய்த வேலையின் பயனை மற்றவன் ஏற்று அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்கிறது. 1944-இல் வங்காளத்தின் ஆரம்பாக் என்னும் ஊரில், அதிகாரிகள் கேட்டபடி ஒரு காண்டிராக்டர் கிடங்கும் வேறு சில கட்டிடங்களும் போட்டுக் கொடுத்தார். சர்க்கார் அவற்றை உபயோகித்துக்கொண்டு, முறைப்படி கையெழுத்தான ஒப்பந்தம் இல்லையே என்று பணத்தை மறுத்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் பதிவாகியுள்ள சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ஒப்பந்தம் செல்லாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் வேண்டாமென்று சொல்லும் சுதந்தரமிருந்தும் ஏற்று அனுபவித்ததற்கு விலை கொடுத்தே தீரவேண்டும் என்றது. சர்க்காருக்கே இந்த நியாயமானால், பரண் கேட்டு வாங்கிய நமக்கு எப்படி என்று யோசியுங்கள்.

நம் பகுதியில் தனியாகச் சொல்லவேண்டிய தகராறு ஒன்றுண்டு, அது சுவர் வெடிப்பு. காவேரிப் படுகையின் களிமண் தண்ணீர் கண்டால் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடிக்கும். மார்கழியில் நன்றாயிருந்த சுவர் சித்திரையில் வெடித்தால், மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. பூச்சில் மயிரிழைபோல் ஓடும் கீறல் பெரும்பாலும் தண்ணீர் காட்டியது போதாமையால் வருவது. கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் 10 நாளும் ஈரம் காயாமல் வைக்கவேண்டுமென்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லுகிறது. பூச்சுக்கும் ஈரம் வேண்டியதே. நம் ஊரில் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை? பெரும்பாலும் வீட்டுக்காரர் வேலை. மூன்றாம் நாளே உறவினர் கலியாணத்துக்குப் போய்விட்டு, வந்து மேஸ்திரியைத் திட்டுவது சரியன்று. சன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து இறங்கும் வெடிப்போ அஸ்திவாரம் அசைந்ததற்கு அடையாளமாகலாம். அங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. ஆழம் போதாது, களியை எடுத்து மணல் நிரப்பவேண்டும் என்று மேஸ்திரி எச்சரித்தும், செலவுக்கு அஞ்சி வீட்டுக்காரர் மறுத்தாரா? அல்லது தொழில் தெரிந்தவர் தெரிந்தே வாய் திறவாமல் கட்டினாரா? முதலாவதில் நஷ்டம் வீட்டுக்காரருடையது. இரண்டாவதில் மேஸ்திரியின் மனச்சாட்சி கட்டுண்டிருக்கிறது. வீட்டுக்காரர் கண்டுபிடிக்காவிட்டாலும் கட்டுண்டிருக்கிறது.

காண்டிராக்டர்மார் தரப்பில் சாதாரணமாகிவிட்ட ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் கொடுத்த அட்வான்ஸை வேறொருவர் வீட்டு வேலையில் போட்டு, அந்த வீட்டுக்கு மூன்றாமவரிடம் வாங்குகிறார்கள். எங்கேயாவது ஒரு கண்ணி அறுந்தால், லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடும், வாடகையும் வட்டியும் சேர்ந்து கட்டும் குடும்பமும் மிச்சம். அட்வான்ஸ் என்பது வேலை நடக்கும்வரை வீட்டுக்காரருடைய நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட பணம். மகளின் நகையை அடகு வைத்தோ, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளை வியர்வை சிந்தியோ வந்த பணமாகவும் அது இருக்கும். சுவர்க் கலவையில் ஒன்றுக்கு ஐந்து மணல் என்று பேசி ஒன்றுக்கு எட்டுப் போடுவதைப் பற்றி விரிக்கத் தேவையில்லை, அது திருட்டு.

இப்போது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்போம். பணம் கொடுக்க நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டுமென்று 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம் விதிக்கிறது. மூன்று வருடம் இழுத்தடித்தால் கடன் கழிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். கழிந்தது கடன் அன்று, கோர்ட்டுக்குப் போகும் வழி மாத்திரம். காலங்கடந்த கடனைக் கொடுக்கிறேனென்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லுமென்று ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே சொல்லுகிறது. இல்லாத கடனுக்கு அப்படி எழுத முடியுமோ? திருச்சபைச் சட்டம் இன்னும் தெளிவு. 1983-ஆம் வருடச் சட்டத்தொகுப்பின் 198-ஆம் விதிப்படி, காலாவதியால் உரிமை பெறுகிறவன் தொடக்கத்தில் மட்டுமன்று, அக்காலம் முழுதும் நல்லெண்ணத்தோடு இருந்திருக்கவேண்டும். கொடுக்கவேண்டுமென்று தெரிந்தே நாளை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு நல்லெண்ணம் ஏது?

மற்றொன்று. வட்டிக்காரன் வாசலில் நிற்கும் சமயம் பார்த்து, 84,000-க்குப் பதில் 40,000 தருகிறேன், கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக்கொடு என்பார்கள். அவனும் வேறு வழியின்றி எழுதிக் கொடுப்பான். குறைத்து வாங்கிக்கொண்டு கடனைத் தீர்த்துவிட 63-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. மனமொத்து விட்டுக்கொடுத்தால் அது விட்டுக்கொடுத்ததே. நெருக்கடியைக் கொண்டு பிழிந்து வாங்கின கையெழுத்தோ மனச்சாட்சியில் யாரையும் விடுவிப்பதில்லை. மீதி 44,000 இன்னும் அவனுடையது.

தீராவிட்டால் எங்கே போவது? சகோதரர்களுக்குள் தீர்த்துவைக்க உங்களில் ஒரு விவேகி கூட இல்லையா என்ற கருத்தில் அர்ச். சின்னப்பர் கொரிந்தியரைக் கடிந்துகொண்டார். ஆகவே முதலில் இருவருக்கும் பொதுவான, தொழில் தெரிந்த ஒருவரை வைத்து அளந்து பார்ப்பதே நலம். அவர் இன்ஜினியராயிருந்தால் மெத்த நல்லது. அவருக்குரிய கட்டணத்தை இருவரும் பாதி பாதி கொடுக்கட்டும். அதற்கும் இணங்காவிடில் கோர்ட்டுக்குப் போவது பாவமன்று. வீடு கட்டிக் கொடுப்பதும் சேவையே என்று 1993-இல் லக்னோ அபிவிருத்தி ஆணையத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்த்ததால், வீட்டுக்காரர் திருவாரூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரையானால் மனுவுக்குக் கட்டணமில்லை. பாக்கி வரவேண்டிய மேஸ்திரிக்கு அந்த வாசல் கிடையாது, ஏனெனில் அவர் நுகர்வோர் அல்லர். அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஏழை பக்கத்துக்கு வழி இப்படிக் குறுகியிருப்பதை நாம் மறக்கலாகாது. இருதிறத்தாருக்கும் பொதுவான வாசல் மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி வழக்குப் போடுமுன்னமே அங்கே மனுச் செய்யலாம். இருவரும் சம்மதித்து ஆன தீர்வு டிகிரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை.

இவையெல்லாம் வாராமலிருக்க, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்னதை (லூக்காஸ் 14) அப்படியே செய்யலாம். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். சதுர அடி எதிலிருந்து எதுவரை. சன்ஷேடும் மாடிப்படியும் கைப்பிடிச் சுவரும் கணக்கில் சேருமா. சேப்டிக் டாங்க் யாருடையது. அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று எந்தக் கட்டத்தில் எவ்வளவு. கூடுதல் வேலை சொன்ன அன்றே விலையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். 360 சதுர அடிக்கு 3,50,000 ரூபாய் என்று 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் அரசே கட்டங்கட்டமாகப் பார்த்துத்தான் பணம் விடுகிறது. நாமும் அப்படிச் செய்வதால் யாரும் யாரையும் சந்தேகித்ததாகாது. கடைசித் தவணை மட்டும் சிறியதாயிருக்கட்டும். அது பெரிதாயிருந்தால் வீட்டுக்காரருக்குச் சோதனை. முன்தவணை பெரிதாயிருந்தால் மேஸ்திரிக்குச் சோதனை.

இருவர் சண்டையில் இருவர் பெயரும் எழுதப்படாத சிலர் உண்டு. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்த பையன்கள். பாக்கியில் தகராறு என்று மேஸ்திரி இவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலியை நிறுத்துகிறார். வீட்டுக்காரர், நான் மேஸ்திரியிடம்தானே பேசினேன் என்கிறார். தகராறு எவ்வளவு நாள் ஓடினாலும், இவர்கள் கூலியை முதலில் பிரித்து, மேஸ்திரி முன்னிலையில் நேரே கையில் கொடுத்து, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். குளியலறைத் தரைக்கும் செங்கல் சுமந்த பெண்ணுக்கும் சம்பந்தமில்லை.

சென்ற வருடங்களில் இப்படி நின்றுபோன கூலி எதுவும் உங்கள் கையில் இருந்தால், சங்கீர்த்தனத்தில் சொல்வதோடு அது முடியாது, திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆள் இறந்துபோயிருந்தால் அவர் மனைவி மக்களுக்கு. தவணையாகத்தான் முடியுமென்றால் தவணையாக. ஊர் பெயர் தெரியாத வடநாட்டுப் பையனானால், முதலில் அவனை அழைத்து வந்த ஏஜெண்டிடம் செல்போன் எண்ணைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். உண்மையாய்த் தேடியும் அகப்படாவிட்டால் அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் ஒழுக்க சாஸ்திரிகள் கொள்கை. அந்தத் தொகையை மந்திரிப்புக் காணிக்கையோடு சேர்த்து என் கையில் கொடுக்கவேண்டாம், அது காணிக்கையன்று.